பிளேற்றை எறிஞ்சு போடாதை

எங்கள் ஆய்வுகூடத்தில் காலையில் முதல் வேலை, குருதி வளர்ப்புப் போத்தல்கள் இருக்கும் பெட்டியைப் பார்ப்பது. பார்த்தால் சின்னக் குளிர்சாதனப் பெட்டி மாதிரித்தான் இருக்கும். ஆனால் உள்ளே 35 பாகை சூடு. போத்தல்கள் வரிசை வரிசையாகப் படுத்திருந்து மெல்ல ஆடிக்கொண்டிருக்கும். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை கருவி ஒவ்வொரு போத்தலின் அடியையும் பார்க்கிறது. உள்ளே பற்றீரியா பெருகினால் காபனீரொட்சைட்டு உண்டாகும், போத்தலின் அடியில் இருக்கும் உணரி மாறும், வெளியே விளக்கு எரியும். அவ்வளவுதான். முன்பு நாங்கள் போத்தலைத் தூக்கி யன்னல் வெளிச்சத்தில் பிடித்து, கலங்கியிருக்கிறதா என்று நாள் கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஒரு தை மாதம், மழை விட்டு ஒரு கிழமை இருக்கும், அப்படி ஒரு விளக்கு எரிந்திருந்தது. அந்தப் போத்தலின் கதையைத்தான் எழுதப் போகிறேன். எந்த வைத்தியசாலை, எந்த வருடம் என்று சொல்ல மாட்டேன். நோயாளியை அடையாளம் தெரியாதபடி ஒன்றிரண்டு விடயங்களை மாற்றியிருக்கிறேன்.

போத்தலில் இருந்து ஒரு துளி எடுத்துக் கண்ணாடித் துண்டில் பூசி, கிராம் சாயம் போட்டுப் பார்த்தேன். இளஞ்சிவப்புக் கோல்கள். கிராம் எதிர், அதாவது ஊதாச் சாயத்தைப் பிடித்துவைக்காத வகை. உடனே வாட்டுக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டு, பிளட் ஏகர், மக்கொங்கி ஏகர் என்று கிருமி வளர்க்கிற இரண்டு பிளேற்றுகளில் கீறி வைத்தேன். அடுத்த நாள் பிளேற்றில் ஊசிமுனை அளவில் சாம்பல் நிறக் கிருமிக் கூட்டங்கள். ஒக்சிடேஸ் சோதனை போட்டேன், ஊதா நிறம் வந்தது, நேர். ஈ. கோலை மாதிரி வழமையாக வருகிற ஆள் இல்லை என்பது அதிலேயே தெரிந்துவிட்டது. சரி, கிருமியின் பெயர் சொல்லும் மெசினில் போடுவோம் என்று உப்புநீரில் கரைத்து, கலங்கல் அளவு பார்த்து, உள்ளே வைத்தேன்.

மறுநாள் காலை திரையில் பெயர் வந்திருந்தது. பேர்க்கோல்டேரியா செபாசியா. பக்கத்தில் தொண்ணூறுக்கு மேல் ஒரு சதவீதம், அதற்குக் கீழே ‘மிகச் சிறந்த அடையாளம்’ என்ற பொருளில் ஒரு வரி. நான் ரிப்போட்டை அடிக்கத் தொடங்கிவிட்டேன். பிளேற்றை எறிகிற வாளியில் போடுவதற்குக் கையிலும் எடுத்துவிட்டேன்.

எங்கள் பிரிவில் மூத்த ஒரு அக்கா இருந்தா. கண்ணாடியை மூக்கு நுனியில் போட்டுக்கொண்டு திரையை ஒருக்கால் பார்த்தா, என் கையை ஒருக்கால் பார்த்தா.

“உதை எறிஞ்சு போடாதை பிள்ளை. ஆள் எந்த ஊர்? என்ன தொழில்?”

எனக்குத் தெரியாது. கோரிக்கைப் படிவத்தில் காய்ச்சல் என்று மட்டும் இருந்தது. அக்கா தானே வாட்டுக்குப் போன் எடுத்தா. யாழ்ப்பாணத்துத் தென்மராட்சிப் பக்கம், ஐம்பது வயது தாண்டிய கமக்காரர், பல வருடமாகச் சீனி வருத்தம், இரண்டு கிழமையாகக் காய்ச்சல், ஸ்கானில் மண்ணீரலில் சீழ்க்கட்டிகள். போனை வைத்துவிட்டு அக்கா சொன்ன முதல் விடயம்: “மூடியைத் திறந்து மணந்து பார்க்கிற வேலை வேண்டாம்.”

மணந்து பார்ப்பது பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நாங்கள் படித்த காலத்தில் பழையவர்கள் எல்லோரும் மணந்துதான் பழக்கினார்கள். சூடோமோனாஸ் ஏருஜினோசா இருக்கிற பிளேற்றில் பழுத்த முந்திரிகைப்பழ வாசம், அதாவது திராட்சை வாசம், வரும். எங்கள் ஊரில் முந்திரிகைத் தோட்டங்களுக்கு நடுவில் வளர்ந்த எவருக்கும் அந்த வாசத்தை மறக்க முடியாது. புரோட்டியஸ் வாசம் இல்லாமலே தெரியும். கிணற்றில் வாளி விழுந்ததும் வளையம் வளையமாக நீர் விரியுமே, அதே மாதிரிப் பிளேற் முழுக்கப் படரும். ஆனால் மணப்பது ஆபத்து. சில கிருமிகள் மூச்சோடு உள்ளே போய் ஆய்வுகூடத்தில் வேலை செய்பவரையே படுக்கையில் போட்டுவிடும். அக்கா அன்று சந்தேகப்பட்ட கிருமி அந்த வகை.

அதன் பெயர் பேர்க்கோல்டேரியா சூடோமலியை. அது தரும் நோய் மெலியோய்டோசிஸ். சேற்றிலும் தேங்கிய நீரிலும் வாழ்கிற பற்றீரியா. காலில் ஒரு கீறல் வழியாகவோ, கடும் மழை கிளப்பும் நீர்த்திவலையை மூச்சில் இழுப்பதாலோ உள்ளே போகும். சிலருக்கு நியூமோனியா, சிலருக்குத் தோலில் புண், சிலருக்கு ஈரலிலும் மண்ணீரலிலும் சீழ். கசநோய் என்று நினைத்து மாதக் கணக்கில் மருந்து கொடுக்கப்பட்டவர்களும் உண்டு. நீரிழிவு உள்ளவருக்கு ஆபத்து பல மடங்கு. நீரிழிவு, வயல், மாரி மழை மூன்றும் சேர்ந்த இடம் என்றால் அது எங்கள் ஊர்தான்.

அக்கா செய்தது பெரிய விஞ்ஞானம் இல்லை. ஒரு புதிய பிளேற்றில் கிருமியைப் பூசி, மருந்து தோய்த்த மூன்று காகித வில்லைகளை வைக்கச் சொன்னா. ஜென்ராமைசின், கொலிஸ்ரின், கோ-அமொக்சிகிளாவ். இந்தத் தடவை பாதுகாப்புப் பெட்டிக்குள் கையை விட்டுத்தான் வேலை. மறுநாள் காலை ஜென்ராமைசின் வில்லையின் விளிம்பு வரை கிருமி வளர்ந்திருந்தது. கொலிஸ்ரினைச் சுற்றியும் அப்படியே. கோ-அமொக்சிகிளாவைச் சுற்றி மட்டும் தெளிவான பெரிய வட்டம். கிராம் எதிர்க் கோல், ஒக்சிடேஸ் நேர், முதல் இரண்டுக்கும் அடங்காது, மூன்றாவதுக்கு அடங்கும். இப்படி ஒரு கோலம் வந்தால் மெலியோய்டோசிஸ் இல்லை என்று நிரூபிக்கும்வரை அதுதான் என்று வைத்துக்கொள்ள வேண்டும். நான் பழைய கண்ணாடித் துண்டை எடுத்து மறுபடி பார்த்தேன். கோல்களின் இரண்டு முனையும் சாயம் ஏறிக் கறுத்து, நடு வெளிறி, சேஃப்ரி பின் மாதிரி இருந்தன. முதல் நாளும் அப்படித்தான் இருந்திருக்கும். நான் நிறத்தைப் பார்த்தேன், உருவத்தைப் பார்க்கவில்லை.

எறியாமல் வைத்த பிளேற்றை நாலாம் நாள் வெளியே எடுத்தோம். ஊசிமுனையாக இருந்த கூட்டங்கள் பெருத்து, மேற்பரப்பு பாயில் காயப் போட்ட பனம்பழப் பினாட்டு மாதிரிச் சுருங்கி மடிந்து, சாய்த்துப் பிடித்தால் உலோக மினுக்கம் தெரிந்தது. மெசினில் போட்ட அன்று அது வழுவழுப்பான ஒரு புள்ளி. தன்னுடைய முகத்தைக் காட்ட அதற்கு நாலு நாள் வேண்டியிருந்தது.

உறுதிப்படுத்துவதற்குக் கொழும்புக்கு அனுப்பினோம். ஆனால் நுண்ணுயிரியல் வைத்திய நிபுணர் அந்தப் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வில்லைகளைப் பார்த்த அன்றே வாட்டோடு கதைத்து மருந்தை மாற்றச் சொல்லிவிட்டார். அதுவரை ஏறிக்கொண்டிருந்தது செஃப்ரியாக்சோன். காய்ச்சல் என்று வருகிற பாதிப் பேருக்கு முதலில் ஏறுவது அதுதான், ஆனால் இந்த நோய்க்கு அதை நம்ப முடியாது. மெரோபெனெம் அல்லது செஃப்ராசிடிம் ஊசி குறைந்தது 10 முதல் 14 நாள், சீழ் இருந்தால் இன்னும் கூட. அதன் பிறகு கோ-ரைமொக்சசோல் குளிசை மூன்று மாதம் அல்லது அதற்கும் மேல். குளிசையை இடையில் விட்டால் நோய் திரும்பி வரும்.

இதை வாசித்துவிட்டு மெசின் வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் நினைக்கக் கூடாது. மெசின் இல்லாத காலத்தில் வேலை செய்தவள் நான். அதற்குத் திரும்பிப் போக மாட்டேன்.

நான் பயிற்சிக்குப் போன போது எங்களிடம் இருந்தது ஏபிஐ 20இ பட்டி. 1970இல் வந்த முறை. ஒரு பிளாஸ்ரிக் பட்டியில் இருபது குட்டிக் குழாய்கள், ஒவ்வொன்றின் அடியிலும் காய்ந்த ஒரு மருந்துப்பொருள். பற்றீரியாவைக் கரைத்த நீரைக் குமிழி விழாமல் ஒவ்வொன்றிலும் விடவேண்டும். ஐந்து குழாய்களுக்கு மேலே பரபின் எண்ணெய் ஒரு துளி. ஓர் இரவு வைத்து, காலையில் நிறம் பார்ப்போம். மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்பு. மும்மூன்றாகப் பிரித்து, முதலாவது நேர் என்றால் 1, இரண்டாவது 2, மூன்றாவது 4 என்று கூட்டவேண்டும். இருபதோடு ஒக்சிடேசையும் சேர்த்தால் ஏழு இலக்கம் வரும். அந்த இலக்கத்தைத் தடித்த ஒரு புத்தகத்தில் தேடுவோம். 5144572 என்றால் ஈ. கோலை. எனக்கு வீட்டுத் தொலைபேசி இலக்கம் மறந்தாலும் இது மறக்காது. கண் களைத்த நேரத்தில் இளமஞ்சளை மஞ்சள் என்று எழுதினால் ஒரு இலக்கம் மாறும், கிருமியே மாறிவிடும்.

தானியங்கிக் கருவி செய்வதும் அடிப்படையில் இதே கணக்குத்தான். நாசாவுக்காக மக்டொனல் டக்ளஸ் நிறுவனம், விண்கலத்துக்குள் நுண்ணுயிரைத் தானாகக் கண்டுபிடிக்க ஒரு வழி தேடியதில் பிறந்த கருவிதான் பிறகு வைற்றெக் என்று வைத்தியசாலைகளுக்கு வந்தது. அதன் அட்டையில் 64 குழிகள், 15 நிமிடத்துக்கு ஒருமுறை ஒளி பாய்ச்சிப் பார்க்கும். மைக்ரோஸ்கான், பீனிக்ஸ் என்று வேறு நிறுவனங்களின் கருவிகளும் இருக்கின்றன. எங்களிடம் இருந்தது எது என்பது இங்கே முக்கியமில்லை. எல்லாவற்றிலும் கருவியின் கண் களைக்காது, இரவு இரண்டு மணிக்கும் இளமஞ்சளை ஒரே மாதிரித்தான் அளக்கும். நாங்கள் இரண்டு நாளில் சொன்னதை அது சில மணித்தியாலத்தில் சொல்லும். குருதியில் கிருமி ஏறிப் படுத்திருப்பவருக்கு அந்த ஒரு நாள் எவ்வளவு பெரியது என்று வாட் வாசலில் இருக்கிற பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தால் தெரியும்.

மால்டி-டொஃப் என்ற கருவி இன்னும் ஒரு படி மேலே. பிளேற்றில் இருந்து கொஞ்சத்தைக் குச்சியால் எடுத்து உருக்குத் தட்டில் பூசி, ஒரு அமிலக் கரைசல் விட்டுக் காயவைத்து, லேசர் அடிப்பார்கள். புரதங்கள் கிளம்பிப் பறக்கும். பாரம் குறைந்தது முதலில் போய்ச் சேரும், கூடியது பிந்தும். அந்த நேர வித்தியாசத்தில் வருகிற கோட்டுப்படம்தான் கிருமியின் கைரேகை. சில நிமிடங்களில் பெயர் வந்துவிடும். பெரிய புரத மூலக்கூறை உடைக்காமல் லேசரால் கிளப்பலாம் என்று காட்டிய கொய்ச்சி தனாகாவுக்கு 2002இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. 2013இல் அமெரிக்கா இதை வைத்தியசாலை ஆய்வுகூடங்களுக்கு அனுமதித்தது. ஆனால் ஈ. கோலையையும் ஷிகெல்லாவையும் வழமையான முறையில் அதனால் நம்பிக்கையாகப் பிரித்துச் சொல்ல முடியாது. அவ்வளவு நெருங்கிய சொந்தம்.

அந்தச் சதவீதத்தைப் பற்றி எனக்கு ஒரு பெரிய மனக்குறை இருக்கிறது. திரையில் 99 என்று வந்தால், நூறில் தொண்ணூற்றொன்பது தடவை இது சரி என்று எல்லோரும் நினைக்கிறார்கள். வாட்டில் இருப்பவர்கள் மட்டுமல்ல, எங்களிலும் பலர். அது அப்படி இல்லை. விதானையாரிடம், அதாவது கிராம அலுவலரிடம், ஊரவர் பெயரெல்லாம் எழுதிய இடாப்பு இருக்கிறது. முன்பின் தெரியாத ஒருவர் ஊருக்குள் வருகிறார். இடாப்பில் உள்ள ஆட்களிலே இவர் யார் என்று மட்டும் விதானையாரைக் கேட்டால், சாயலைப் பார்த்து, இன்னாருடைய தம்பியாகத்தான் இருக்கவேண்டும் என்பார். மற்ற எவருடைய சாயலும் இல்லாதபடியால் உறுதியாகவே சொல்லுவார். கருவியின் சதவீதமும் தன் இடாப்புக்குள் போடுகிற கணக்கு. இடாப்பில் ஒரு கிருமிக்கு இடமில்லை என்றாலோ, எங்கோ வேறு நாட்டில் எடுத்த நாலைந்து மாதிரியை மட்டும் வைத்து அதன் அங்க அடையாளத்தை எழுதியிருந்தாலோ, பக்கத்து வீட்டுக்காரரின் பெயர்தான் வரும்.

மெலியோய்டோசிஸ் கிருமிக்கு உலகம் முழுக்க இதுதான் நடந்திருக்கிறது. பல தானியங்கி முறைகள் இதைச் செபாசியா என்று சொல்லியிருக்கின்றன, குரோமோபக்ரீரியம் என்று சொல்லியிருக்கின்றன, வேறு சூடோமோனாஸ் என்றும் சொல்லியிருக்கின்றன. மால்டியில் இன்னொரு சிக்கல். இந்தக் கிருமியை உயிரியல் ஆயுதமாகப் பாவிக்கலாம் என்று அமெரிக்கா தன் கடுமையான கட்டுப்பாட்டுப் பட்டியலில் வைத்திருக்கிறது. அதனால் சில கருவிகளின் வழமையான நூலகத்தில் இதன் பெயரைச் சேர்க்காமல், தனியான பாதுகாப்பு நூலகத்தில் வைத்தார்கள். அந்த நாட்டுக்கு இது ஆயுதம். எங்களுக்கு இது காலபோகத்தில் களை பிடுங்கப் போகிறவரின் காலில் ஒட்டுகிற சேறு. அவர்களுடைய பயத்தை வைத்து எழுதிய இடாப்பை நம்பி எங்கள் கமக்காரரின் உயிர் இருப்பதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது, மறைக்கவில்லை.

அன்று மெசின் சொன்ன செபாசியா இருக்கிறதே, அதை முதலில் விவரித்தவர் வோல்டர் பேர்க்கோல்டர், 1950இல், நியூயோர்க் மாநிலத்து வெங்காயத்தை அழுகச் செய்யும் கிருமியாக. செபா என்றால் இலத்தீனில் வெங்காயம். செம்மண்ணில் வெங்காயம் நட்டு வளர்ந்த குடும்பத்தில் பிறந்தவள் நான், அதனால் அந்தப் பெயர் எனக்கு உடனே பிடித்துப்போனது. மெலியோய்டோசிஸ் கிருமியை முதலில் கண்டவர்கள் இரங்கூனில், 1912இல் வெளியான கட்டுரையில். வைற்மோர் என்ற பெயர் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. ஆனால் அந்தக் கட்டுரையில் இரண்டாவது பெயர் ஒன்று உண்டு: சி. எஸ். கிருஷ்ணசாமி. மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது நான் இரண்டு பெயரையும் சேர்த்துத்தான் சொல்லுவேன். இலங்கையில் முதல் நோயாளி பதிவானது 1927இல். அதற்குப் பிறகு மிக நீண்ட காலம் இங்கே இந்த நோய் ஏதோ அபூர்வம் என்றே இருந்தோம். பேராசிரியர் எனோக்கா கொரெயாவும் கொழும்பு மருத்துவ பீடத்துக் குழுவினரும் தேடத் தொடங்கிய பிறகுதான் நாடு முழுக்க இருப்பது தெரியவந்தது. வடக்கிலும் கிழக்கிலும் கூட. கிருமி புதிதாக வரவில்லை. வேறு பெயர்களில் ரிப்போட்டாகியும், ‘வெளியில் இருந்து கலந்தது’ என்று வாளிக்குள் போயும் இருந்தது.

பெட்டியில் விளக்கே எரியாத காய்ச்சலும் இருக்கிறது. 2024 டிசம்பரில், வெள்ளத்துக்குப் பிறகு, யாழ்ப்பாணத்தில் காய்ச்சலில் அடுத்தடுத்துச் சாவுகள் நடந்தபோது எல்லோரும் பயந்துபோனோம். எலிக்காய்ச்சல் என்று தெரியவந்தது. அதன் கிருமியான லெப்ரோஸ்பைராவுக்கு வேறு ஊடகம் வேண்டும், கிழமைக் கணக்கில் நேரம் வேண்டும். எங்கள் வழமையான போத்தலில் அது வளராது. ஐந்தாம் நாள் கருவி ‘வளர்ச்சி இல்லை’ என்று சொல்லும். போத்தலைப் பொறுத்தவரை அது பொய் இல்லை, ஆள் சுகமாக இருக்கிறார் என்று அர்த்தமும் இல்லை.

2022இல் டொலர் இல்லாத மாதங்களில் மெசினுக்கான அட்டைகள் வருவது தடைப்பட்டது. நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கறன்ட் வெட்டு என்று அறிவித்த காலம். இருக்கிற அட்டைகளை எண்ணி எண்ணி, குருதிக்கும் மூளைத்தண்டு நீருக்கும் மட்டும் என்று ஒதுக்கினோம். சிறுநீரும் புண்ணும் பழையபடி குழாய்க்கு வந்தன. அந்த நேரத்தில் எனக்கு ஒன்று தெரிந்தது. மெசின் வந்த பிறகு சேர்ந்த பிள்ளைகளில் சிலருக்குப் பிளேற்றை வாசிக்கத் தெரியவில்லை. அவர்கள் கெட்டிக்காரர், பட்டம் பெற்றவர்கள், என்னைவிடக் கூடப் படித்தவர்கள். ஆனால் யாரும் அவர்களைப் பிளேற்றோடு தனியே விடவில்லை. ஒரு மாதம் கறன்ட் வெட்டுக்கு நடுவில் இருத்திப் பழக்கினோம். இப்போது அவர்களில் ஒரு தங்கச்சி என்னைவிட வேகமாகக் கூட்டங்களைப் பிரித்தெடுப்பாள்.

அந்தக் கமக்காரரின் மகள் ஒருநாள் ஆய்வுகூட வாசலுக்கு வந்து நின்றாள். கையில் எங்கள் ரிப்போட்.

“அக்கா, அப்பாவுக்கு என்ன கிருமி எண்டு டொக்ரர் சொன்னவர், எனக்கு வாயிலை வருகுதில்லை. தமிழிலை என்ன?”

தமிழில் அதற்குப் பெயர் இல்லை. மானிப்பாயில் சாமுவேல் கிறீன் வைத்தியர் தமிழிலேயே வைத்தியம் படிப்பித்து, வைத்தியப் புத்தகங்களைத் தமிழுக்குக் கொண்டுவந்த ஊர் இது. அவர் இறந்தது 1884இல். கிராம் தன்னுடைய சாயத்தைப் பற்றி எழுதியதும் அதே வருடம். அதற்குப் பிறகு வந்த கிருமிகளுக்கெல்லாம் எங்கள் வாட்டுகளில் ஆங்கிலத்தில்தான் பெயர். நான் அவளிடம், வயல் மண்ணிலை இருக்கிற கிருமி, சீனி வருத்தக்காரரைத்தான் கூடப் பிடிக்கும் என்றேன். காலில் புண் இருக்கும்போது சேற்றில் இறங்க விடவேண்டாம், கட்டாயம் போகவேண்டும் என்றால் சப்பாத்துப் போடவேண்டும், குளிசையை மூன்று மாதமும் ஒரு நாள் விடாமல் போடவேண்டும் என்றேன். அவள் ரிப்போட்டின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். வெளிக்கிடும்போது, “மண்கிருமி எண்டு சொல்லலாமோ?” என்று கேட்டாள். சொல்லலாம் என்றேன்.

அக்கா ஓய்வுபெற்றுப் போய்விட்டா. போகுமுன் படிவத்தில் ஒரு மாற்றம் கேட்டு எத்தனையோ தடவை கதைத்தா. பெரிதாக ஒன்றுமில்லை: தொழில், ஊர், நீரிழிவு உண்டா இல்லையா. மூன்று கட்டங்கள். படிவம் இன்னும் மாறவில்லை. அதனால் நான் புதிதாக வருகிற இளம் டொக்ரர்மாரை ஒவ்வொருவராகப் பிடித்து, அந்த மூன்றையும் ஓரத்தில் எழுதச் சொல்லுகிறேன். சிலர் சிரித்துக்கொண்டு போவார்கள். சிலர் எழுதுவார்கள்.

போன கிழமை ஒரு குருதிப் போத்தலோடு வந்த படிவத்தின் ஓரத்தில் சின்னக் கையெழுத்தில் எழுதியிருந்தது: வயல் வேலை, சாவகச்சேரி, நீரிழிவு 12 வருடம், மழைக்குப் பிறகு காய்ச்சல். எழுதிய பிள்ளையை எனக்குத் தெரியாது. விளக்கு எரிந்ததும் நான் மெசினிலும் போட்டேன், வில்லை மூன்றையும் வைத்தேன். பிளேற்றின் மூடியைச் சுற்றி ரேப் ஒட்டி, மேலே திகதியையும் ‘எறியவேண்டாம்’ என்றும் எழுதி, இன்கியுபேற்றரின் கீழ்த்தட்டில் வைத்திருக்கிறேன். இன்று இரண்டாம் நாள்.